சித்திரை வெயிலில் புழக்கடைப் பசுமைக்குடில்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

சூலூரிலிருந்து:

வீட்டுப் புழக்கடையில் பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்களை வளைத்து நட்டு, 200 மைக்ரான் பாலித்தீன் தாள் போர்த்திய பசுமைக்குடில் ஒன்றை வைத்திருக்கிறேன். குழித்தட்டுகளில் நாற்று விடுவதும், சிறிதளவு குடைமிளகாயும் தக்காளியும் வளர்ப்பதும்தான் அதன் வேலை. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் குறை சொல்ல முடியாத இந்தக் குடிலில், மாசி கழிந்தால் நண்பகலில் ஐந்து நிமிடம் நிற்க முடியாது. கோவைப் பகுதியில் இதற்குக் கத்திரி வெயில் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பங்குனியிலேயே வெயில் உச்சத்தை நெருங்கிவிடுகிறது. இதே தொல்லையைச் சமாளித்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, என் பங்கை முதலில் வைக்கிறேன்.

எதையும் வாங்குவதற்கு முன்னால் ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. தெளிந்த வானத்தில் உச்சிப் பொழுதில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ ஒரு கிலோவாட் வெயில் விழுகிறது. என் குடிலின் தரை சுமார் 11 சதுர மீட்டர். தாள் தடுப்பது போக ஒன்பது கிலோவாட்டாவது உள்ளே வந்துவிடுகிறது. அதாவது, ஒன்பது இஸ்திரிப்பெட்டிகளை முழுச் சூட்டில் வைத்து அந்தச் சிறிய அறைக்குள் அடைத்ததற்குச் சமம். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால், மூலையில் ஒரு மேசை மின்விசிறியை வைத்து ஒப்பேற்றலாம் என்ற எண்ணம் தானாகவே போய்விடும். வெப்பத்தை உள்ளே விட்டபின் வெளியேற்றுவதைவிட, தாளைத் தொடும் முன்பே பாதியைத் திருப்பி அனுப்புவது எளிது, செலவும் குறைவு.

ஆகவே நான் முதலில் செய்தது, 50 விழுக்காடு நிழல்வலையைக் குடிலுக்கு வெளியே, பாலித்தீனுக்கு மேலே ஒன்றரை அடி இடைவெளி விட்டு, தனிக் கம்பங்களில் கட்டியதுதான். பலர் வலையை உள்ளே, கூரைக்கு அடியில் கட்டுகிறார்கள். கட்டுவதற்கு அது சுலபம், காற்றிலும் கிழியாது. ஆனால் கறுப்பு வலை தான் தடுக்கும் வெயிலைத் தானே உறிஞ்சிச் சூடாகிறது. அந்தச் சூடு குடிலுக்குள் இருந்தால் உள்ளிருக்கும் காற்றைத்தான் சூடேற்றும். வெளியே இருந்தால் காற்று அதைக் கொண்டுபோய்விடும். செடிக்கு நிழல் இரண்டு வகையிலும் ஒன்றுதான், வெப்பமானியில்தான் வேறுபாடு தெரியும். வெள்ளை வலையோ அலுமினியப் பட்டைகள் கலந்த வலையோ வெயிலைப் பெருமளவு திருப்பி அனுப்புவதால், வேறு வழியில்லாமல் உள்ளே கட்ட நேர்ந்தால் அவற்றை வாங்குவதே சரி.

அடுத்தது திறப்புகள். சூடான காற்று மேலே ஏறும் என்பது எல்லோரும் அறிந்ததே, ஆனால் அது வெளியேற உச்சியில் வழி வேண்டும். பக்கத்திரைகளை மட்டும் சுருட்டிவிட்டால் இடுப்பளவு உயரத்தில் காற்றோட்டம் இருக்கும். கூரைக்கு அடியில் தேங்கிய சூடு அங்கேயே கிடக்கும். கூரைத் திறப்பு தரைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. எங்கள் பகுதியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வருவதால், உச்சித் திறப்பைக் கிழக்குப் பக்கம் வைத்தேன். காற்றுக்கு முதுகு காட்டும் பக்கத்தில் திறப்பு இருந்தால், மேலே கடந்து செல்லும் காற்று உள்ளிருக்கும் சூட்டை இழுத்துச் செல்லும், தாளையும் உரித்தெடுக்காது.

இவ்வளவும் செய்த பிறகு, நண்பகலில் உள்ளே வெளியைவிட இரண்டு மூன்று டிகிரிதான் கூடுதலாக இருக்கிறது. வெப்பமானியைச் செடியின் உயரத்தில், நேர் வெயில் படாதபடி தொங்கவிட்டுப் பார்த்த அளவு இது. வெயிலில் மாட்டிய வெப்பமானி காற்றின் சூட்டைக் காட்டாது, தன் சூட்டைத்தான் காட்டும். ஆனால் வெளியே 38 என்றால் உள்ளே 40 அல்லவா? இதற்குக் கீழே இறக்க வேண்டுமானால் தண்ணீரைத்தான் நாட வேண்டும். அதில் தேர்ந்தவர்கள் சொல்லட்டும்.

மதுரையிலிருந்து:

சூலூர் அண்ணன் கணக்கோடு தொடங்கியதால் நானும் கணக்கோடு தொடர்கிறேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது சுற்றியுள்ள காற்றிலிருந்து ஏறத்தாழ 0.67 கிலோவாட் மணி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. ஒன்பது கிலோவாட் வெயிலை ஈடுகட்ட மணிக்குப் பதின்மூன்று லிட்டர் ஆவியாக வேண்டும்; நிழல்வலை போட்டுவிட்டால் ஏழு லிட்டருக்குள் முடிந்துவிடும். அதிலும் ஒரு பகுதியை இலைகள் நிறைந்த செடிகளே தங்கள் நீராவிப்போக்கால் செய்துவிடுகின்றன. செடிகள் நிறைந்த குடிலைவிட வெறும் குடில் அதிகம் கொதிப்பதன் காரணம் இதுவே.

ஆனால் எவ்வளவு தண்ணீர் தெளித்தாலும் காற்று ஓர் எல்லைக்குக் கீழே குளிராது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டும் அளவுதான் அந்த எல்லை. எங்கள் ஊரில் சித்திரை நண்பகலில் காற்று 40 டிகிரியில், ஈரப்பதம் 30 விழுக்காடு அளவில் இருக்கும் நாளில் அந்த எல்லை சுமார் 26 டிகிரி. பதினான்கு டிகிரி இறங்க இடம் இருக்கிறது. நல்ல கூலிங் பேட் (தண்ணீரில் நனைந்தபடியே இருந்து, தன் துளைகள் வழியே புகும் காற்றைக் குளிர்விக்கும் திண்டு) அதில் எண்பது விழுக்காடு வரை எட்டும் என்பதால், பேட்டைக் கடந்து வரும் காற்று 29 அளவில் இருக்கும். என் குடிலில் மேற்குச் சுவரில் நான்கு அங்குலத் தடிமனுள்ள காகிதத் தேன்கூட்டு பேட்டும், எதிர்ச்சுவரில் எக்சாஸ்ட் விசிறியும் பொருத்தியிருக்கிறேன். உள்ளிருக்கும் காற்று முழுவதும் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும்படி விசிறியைத் தேர்ந்தெடுப்பது வழக்கம். முப்பது கன மீட்டர் கொள்ளளவுள்ள குடில் என்றால் மணிக்கு 1,800 கன மீட்டர் தள்ளும் விசிறி வேண்டும். இந்த எண்ணை விசிறியின் பெட்டியிலேயே பார்க்கலாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பேட் ஓடும்போது பக்கத்திரைகளும் கதவும் மூடியே இருக்க வேண்டும். கதவு ஒரு சாண் திறந்திருந்தாலும், விசிறி எளிய வழியைத்தான் தேடும். ஈரப் பேட்டின் வழியே இழுப்பதை விட்டுவிட்டுக் கதவு வழியே அனல்காற்றை இழுத்துக்கொண்டிருக்கும். என்னைப் பார்க்க வரும் உறவினர்கள் எல்லோரும் "உள்ளே புழுக்கமாக இருக்குமே" என்று அன்போடு கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவார்கள். இப்போது கதவுக்கு ஸ்பிரிங் போட்டுவிட்டேன்.

தண்ணீரைப் பனிமூட்டமாகத் தெளிக்கும் ஃபாகர் வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு சொல். கடைகளில் கிடைக்கும் நாலுவழி ஃபாகர் ஒன்று மணிக்கு 28 லிட்டர் அளவில் தெளிக்கக்கூடியது. நிழல்வலை போட்ட சிறு குடிலுக்கு அது தேவையைப்போல் நான்கு மடங்கு என்பதால், டைமர் வைத்து அரை நிமிடம் ஓட்டி ஒன்றரை நிமிடம் நிறுத்துவதே போதும். ஆனால் அந்த அளவுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று நான்கு கிலோ அழுத்தம் வேண்டும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்குப் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ என்ற கணக்கில், சாதாரண வீட்டில் அரை கிலோதான் கிடைக்கும். அந்த அழுத்தத்தில் பனிமூட்டம் வராது. சொட்டுச் சொட்டாக இலைமேல் விழும், தரை சேறாகும், காற்று குளிராது. சிறிய பூஸ்டர் பம்பு இல்லாமல் ஃபாகர் வாங்குவது வீண்செலவு. உப்புத் தண்ணீர் உள்ள இடங்களில் துளைகள் அடைத்துக்கொள்வதோடு இலைகளில் வெள்ளைப் படிவமும் விழும். எங்கள் போர் தண்ணீரின் தன்மை அப்படி இருப்பதால்தான் பேட்டின் பக்கம் போனேன். பேட்டிலும் உப்புப் படியும். கீழ்த்தொட்டித் தண்ணீரை அவ்வப்போது முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாக நிரப்பினால் பேட் நெடுநாள் வரும்.

திருவான்மியூரிலிருந்து:

மதுரை ஐயா எழுதியதை முழுவதும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சென்னையில் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு உடனே பேட் வாங்கக் கிளம்பிவிட வேண்டாம் என்று சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். கடலிலிருந்து நடந்து போகும் தொலைவில் இருக்கும் எங்கள் வீட்டில், கடற்காற்று ஏறிய பிற்பகலில் 35 டிகிரியும் 70 விழுக்காடு ஈரப்பதமும் சாதாரணம். அவர் சொன்ன எல்லை அப்போது 30 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். ஆக மொத்தம் இறங்கக்கூடியது ஐந்து டிகிரிக்கும் குறைவு. அதில் எண்பது விழுக்காடு என்றால் நான்கைத் தொடாது. அதைப் பெறுவதற்காகக் குடிலை ஈரத்தால் நிரப்பினால், செடிகளின் நீராவிப்போக்கு மந்தமாகி, இலைகள் தாமாகக் குளிரும் வழி அடைபடுகிறது. மேலும் ஈரம் காயாத இலைகளில் பூஞ்சாண நோய்கள் வராமல் இருந்தால்தான் வியப்பு. இதையெல்லாம் மீறி ஃபாகர் ஓட்டுபவர்கள், குறைந்தது மாலை நான்கு மணிக்காவது நிறுத்திவிட்டு, இருட்டும் முன் இலைகள் உலர விட வேண்டும்.

கடற்கரை ஊர்களைப் பொறுத்தவரை என் முடிவு வேறு. பங்குனி பிறந்ததும் பாலித்தீன் தாளைக் கழற்றிச் சுருட்டி நிழலில் வைத்துவிடுகிறேன். அதே சட்டகத்தின் மேல் நிழல்வலையை மட்டும் போர்த்தினால் பசுமைக்குடில் நிழல்வலைக்குடிலாக மாறிவிடுகிறது. காற்று நாலாபக்கமும் புகுந்து போகிறது, மின்சாரம் வேண்டாம், தண்ணீர் வேண்டாம். குளிரைத் தடுப்பதற்கும் மழையைத் தடுப்பதற்கும் உருவான ஒரு போர்வையை, குளிரும் இல்லாமல் மழையும் இல்லாமல் இருக்கும் மாதங்களில் எதற்குச் செடிமேல் போர்த்தி வைத்துவிட்டு, அதைக் குளிர்விக்க மின்சாரக் கட்டணமும் கட்ட வேண்டும்? இந்தக் கேள்விக்கு எனக்கு இதுவரை யாரும் நல்ல விடை சொல்லவில்லை.

தக்காளியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25 டிகிரிக்குக் கீழே இறங்காத காலத்தில் தக்காளியின் மகரந்தம் கெட்டு, பூக்கள் காயாகாமல் உதிர்கின்றன. சென்னையில் மே மாத இரவுகள் 28 டிகிரியைச் சுற்றியே நிற்பதால், பகலை எவ்வளவு குளிர்வித்தாலும் இரவு காப்பாற்றாது. அந்த மாதங்களில் நான் தக்காளியையும் குடைமிளகாயையும் விட்டுவிட்டு, வெயிலுக்கு அஞ்சாத வெண்டையையும் கொத்தவரையையும் தண்டுக்கீரையையும் திறந்த வெளியில் போடுகிறேன். வலைக்கு அடியில் நாற்றுகளும் புதினாவும் மட்டும் இருக்கும்.

மெல்பனிலிருந்து:

இங்கே கோடை டிசம்பரில் தொடங்குகிறது என்பதைத் தவிர, மதுரை ஐயாவின் கணக்கு எங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. வடக்கிலிருந்து, நாட்டின் உள்வறண்ட பகுதியைக் கடந்து வரும் காற்று வீசும் நாள்களில் வெயில் நாற்பதைத் தாண்டும். 2009 பிப்ரவரி 7 அன்று நகரில் 46.4 டிகிரி பதிவானது. ஆனால் காற்று மிகவும் வறண்டிருப்பதால் தண்ணீரின் பலன் முழுவதும் கிடைக்கும். என்னுடையது அலுமினியச் சட்டத்தில் கண்ணாடி பொருத்திய சிறிய குடில். தரையில் செங்கல் பாவியிருக்கிறேன். அனல்காற்று நாளில் காலையிலும் நண்பகலிலும் அந்தச் செங்கல் தரையை நன்றாக நனைத்துவிடுவது இங்குள்ள பழைய வழக்கம். செங்கல் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல ஆவியாக்குவதால், இலைகள் நனையாமலே காற்று குளிர்கிறது.

கண்ணாடியை என்னால் கழற்ற முடியாது. ஆகவே கோடை தொடங்கும்போது வெளிப்புறத்தில் வெள்ளை நிழற்பூச்சைப் பூசி, இலையுதிர்காலத்தில் கழுவிவிடுகிறேன். நம் ஊரில் மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடிப்பது போலத்தானே என்று எண்ணிச் சுண்ணாம்பையே பூச நினைப்பவர்கள், அலுமினியச் சட்டத்தைச் சுண்ணாம்பு அரிக்கும் என்பதை மறந்துவிட வேண்டாம். கூரைத் திறப்பில் மெழுகு நிரப்பிய உருளை ஒன்று இருக்கிறது. சூடு ஏறினால் மெழுகு உருகி விரிந்து, தண்டைத் தள்ளித் திறப்பைத் திறக்கும். குளிர்ந்தால் தானே மூடும். மின்சாரம் போனாலும், நான் அலுவலகத்தில் இருந்தாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். ஒரே குறை, மெழுகு சூடேறச் சில நிமிடங்கள் பிடிக்கும். ஆகவே காலையில் கிளம்பும்போதே கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போவது பாதுகாப்பு.

சூலூரிலிருந்து:

மூவருக்கும் நன்றி. பேட், ஃபாகர் இரண்டில் எது என்று குழம்பிக்கொண்டிருந்த எனக்கு, காலையில் ஈரத்துணி வெப்பமானியைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்பது தெளிவாகிவிட்டது. வறண்ட பங்குனிக்கு ஃபாகரும், காற்றில் ஈரம் ஏறும் வைகாசிக்குத் திருவான்மியூர் சகோதரி சொன்ன வெறும் வலையும் எங்கள் பகுதிக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

தனிமடலில் இரண்டு பேர் கேட்டவற்றுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். பூச்சிவலை பற்றி: வெள்ளை ஈயையும் இலைப்பேனையும் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான வலை, காற்றையும் கணிசமாகத் தடுக்கும். வலை போட்டால் திறப்பின் பரப்பை அதற்கேற்ப அகலமாக்க வேண்டும்; பழைய திறப்பிலேயே வலையை ஒட்டிவிட்டுக் குடில் சூடாகிறது என்றால் பயனில்லை. வேர்ச்சூடு பற்றி: கறுப்பு வளர்ப்புப் பைகள் வெயில் படும் பக்கத்தில் தொட முடியாத அளவு சூடாகின்றன, பைகளை நெருக்கி வைத்து, வெளிவரிசைக்குச் சாக்கு சுற்றி, மேலே காய்ந்த இலை மூடாக்கு போட்டால் வேர் பிழைக்கும். வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது கொதிநீர் என்பதால், அதை நடைபாதையில் விட்டபிறகே செடிக்குத் திருப்ப வேண்டும்.

பாலித்தீனைக் கழற்றுவதாக இருந்தால், குழாயின்மேல் தாள் படும் இடங்களில் வெள்ளை வண்ணம் பூசிவைக்க அதுவே நல்ல சமயம். சூடான குழாய் தொடும் கோட்டில்தான் தாள் முதலில் நொறுங்குகிறது. திரும்பப் போர்த்துவதை ஆடிக் காற்று அடங்கிய பிறகு, புரட்டாசியில் வைத்துக்கொண்டால் வடகிழக்குப் பருவமழைக்குச் சரியாக இருக்கும்.