துரோகியே இல்லாமல் தோற்ற ஆட்டம்

கூட்டாக ஆடி நடுவில் கழுத்தறுக்கும் போர்டு கேம் என்றாலே, துரோகி கடைசி நேரத்தில் எல்லோரையும் கவிழ்த்த கதையைத்தான் சொல்வார்கள். எனக்கு மறக்காதது துரோகியே இல்லாமல் நாங்கள் தோற்ற ஒரு டெட் ஆஃப் விண்டர் ஆட்டம்.

2014இல் வந்த கேம் இது. வெளியே ஜாம்பிகள், கடும் குளிர், முகாமில் சாப்பாடு பற்றாக்குறை. எல்லோருக்கும் பொதுவாக ஓர் இலக்கு உண்டு, அதோடு ஒவ்வொருவர் கையிலும் வெளியே காட்டக்கூடாத ரகசிய இலக்கு ஒன்று. முகாம் பிழைத்தாலும் சொந்த இலக்கு முடியாதவருக்கு வெற்றி கிடையாது. ஆளுக்கு இரண்டு சாதாரண இலக்குகள் என்று எண்ணி எடுத்து, அதில் முகாமைக் கவிழ்க்கச் சொல்லும் ஒரே ஒரு துரோக இலக்கைச் சேர்த்துக் கலக்கி, ஆளுக்கு ஒன்று கொடுப்பார்கள். ஐந்து பேர் என்றால் 11 கார்டில் 5 மட்டும் வெளியே போகும், அதாவது துரோகி இல்லாமல் இருக்கத்தான் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். இது டேபிளில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்று அக்கா, அத்தான், தம்பி, அத்தானின் நண்பர் ஒருவர், நான். ஒவ்வொரு சுற்றிலும் முகாமிடம் ஏதாவது கேட்கும் நெருக்கடி கார்டு, அந்தச் சுற்றில் மருந்து கேட்டது. தம்பி ஆஸ்பத்திரியில் திரும்பத் திரும்பத் தேடிக்கொண்டிருந்தவன், ஆனால் எல்லோரும் கவிழ்த்துப் போட்ட கார்டுகளைத் திறந்தால் மருந்து போதவில்லை, முகாமின் மன உறுதி இறங்கிவிட்டது. "ஆஸ்பத்திரியிலயே குடியிருந்தியே, ஒண்ணு கூடவா கிடைக்கல?" என்று அக்கா கேட்டதும் அவன் முகம் மாறியது, அவ்வளவுதான், வெளியேற்ற ஓட்டு. நான் அவனுக்காகப் பேசினேன். 3க்கு 2 என்று அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அடுத்த நெருக்கடியும் சொதப்ப, துரோகிக்கு வக்காலத்து வாங்கியவன் என்று சந்தேகம் என் மேல் திரும்பியது, நான் கையிலிருந்த சாப்பாட்டு கார்டு அத்தனையையும் முகாமுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தபோதே என்னையும் தூக்கினார்கள். துரோகி அல்லாத இரண்டு பேரை வெளியேற்றினால் மன உறுதி நேராகப் பூஜ்ஜியத்துக்குப் போகும், ஆட்டம் அந்த நொடியே முடியும். முடிந்தது. கார்டுகளைத் திருப்பினோம், ஐவரில் ஒருவரும் துரோகி இல்லை. தம்பியின் ரகசிய இலக்கே ஆட்டம் முடியும்போது கையில் மருந்து வைத்திருப்பதுதான்!

இந்த கேம்மின் கொடூரமும் அழகும் இதுதான் என்பேன். நல்லவனுக்கும் ஒளிக்க ஏதோ இருக்கிறது, அவன் ஒளிப்பது துரோகி ஒளிப்பது போலவே தெரியும். 2005இல் வந்த ஷேடோஸ் ஓவர் கேமலாட்டிலும் துரோகி இல்லாமல் போகலாம், தவறாகக் குற்றம் சாட்டினால் நல்லவர்கள் பக்கம் கணக்காகும் ஒரு வெள்ளை வாள் எதிரிப் பக்கக் கறுப்பாகும், ஆனால் அங்கே விசுவாசிக்கு ஒளிக்கச் சொந்தக் கணக்கு கிடையாது. பேட்டில்ஸ்டார் கேலக்டிகா (2008) வேறு ரகம்: யார் எந்தப் பக்கம் என்று சொல்லும் விசுவாச கார்டைப் பாதி வழியில் மறுபடி கொடுப்பார்கள், அதுவரை உயிரைக் கொடுத்து ஆடியவரே எதிரியாகிவிடலாம். அதில் எங்கள் அத்தான் ஒருமுறை சிக்கினார், அந்த கார்டைப் பார்த்துவிட்டு அவர் பேச்சே குறைந்துபோனதில் அக்கா கண்டுபிடித்துவிட்டாள்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது துரோகி மேல் இல்லை. "என் இலக்கு இனி நடக்காது, முகாம் எப்படிப் போனால் எனக்கென்ன" என்று கையைக் கட்டிக்கொள்பவர் மேல்தான். விதியில் அதற்குத் தடை இல்லை, அதனால் பெட்டியைத் திறக்கும் முன்பே நாங்கள் பேசி வைத்துக்கொள்கிறோம்: சொந்த இலக்கு போனாலும் முகாமைக் காப்பாற்ற ஆட வேண்டும், சம்மதம் இல்லாதவர் இருந்தால் அன்று வேறு கேம். ரகசிய இலக்கே இல்லாமல் முழுக் கூட்டாக ஆடும் முறையும் விதிப்புத்தகத்தில் இருக்கிறது, புதியவர்களுக்கு அது சரி, எனக்கு அதில் ருசி இல்லை.