மறு: ஆர்.சி.சி.பி.க்குத் தமிழ்ச் சொல் – ‘கசிவு முறிப்பி’

அனைவருக்கும் வணக்கம். ஆர்.சி.சி.பி. (Residual Current Circuit Breaker) என்பது மின்னோட்டம் மண்ணுக்குக் கசிந்தால் இணைப்பைத் தானே அறுக்கும் கருவி. அதற்கு ‘கசிவு முறிப்பி’ என்று நான் சொன்னதற்கு வந்த மறுப்புகளுக்கு இது என் பதில்.

> ‘எஞ்சு மின்னோட்டச் சுற்று முறிப்பி’ என்பதே துல்லியம். மூலச்சொல்லில் உள்ள எதையும் அது விட்டுவிடவில்லை.

விட்டுவிடவில்லைதான், ஐயா. ஆனால் டி.பி. பெட்டியின் (வீட்டின் மின்பகிர்வுப் பெட்டி) முன் நிற்கும் வயர்மேனுக்கு அது எதையும் சொல்லவும் இல்லை. எஞ்சியது என்றால் நமக்குச் செலவு போக மிச்சம் இருப்பது. இந்தக் கருவி பார்ப்பதோ திரும்பி வராததை. பேஸில் (மின்னோட்டம் போகும் கம்பி) 5 ஆம்பியர் போகிறது, நியூட்ரலில் (திரும்பும் கம்பி) 4.96 ஆம்பியர்தான் திரும்புகிறது என்று வைத்துக்கொள்வோம். குறைகிற 40 மில்லி ஆம்பியர் ஈரச் சுவர் வழியாகவோ, கிரைண்டரைத் தொட்டவரின் உடல் வழியாகவோ மண்ணுக்குப் போகிறது. இரண்டு கம்பிகளும் கருவிக்குள் ஒரே வளையத்தின் ஊடே செல்வதால் இந்த வேறுபாடு உடனே பிடிபடும். வீடுகளுக்குரிய 30 மில்லி ஆம்பியர் வகை, அந்த அளவு கசிவில் 0.3 நொடிக்குள் இணைப்பை அறுத்தாக வேண்டும். ஆகவே ‘கசிவு’ என்று பெயரிலேயே இருக்கட்டும் என்கிறேன்.

> நாளிதழ்களில் ‘மின்கசிவால் தீ விபத்து’ என்று எழுதி எழுதி அந்தச் சொல் கெட்டுவிட்டதே?

நியாயமான தடை. கடை எரிந்தாலும் குடிசை எரிந்தாலும், காரணம் தெரியும் முன்பே ‘மின்கசிவு’ என்று செய்தி வந்துவிடுகிறது. அவற்றில் பலவற்றுக்குச் சொல்ல வேண்டியது குறுக்குச்சுற்று. பேஸும் நியூட்ரலும் நேரடியாக முட்டிக்கொள்வது. கசிவாலும் தீப்பிடிக்கலாம், மறுக்கவில்லை. அதற்கென்றே 300 மில்லி ஆம்பியர் வகைக் கருவி இருக்கிறது. ஆனால் செய்தியாளர் தவறாக எழுதுகிறார் என்பதற்காக நல்ல சொல்லை நாம் ஏன் அவருக்கே எழுதிக் கொடுத்துவிட வேண்டும்?

பெயரின் பின்பாதியான ‘முறிப்பி’க்கு (breaker) மாற்றாக வந்த பரிந்துரைகளில் ‘துண்டிப்பி’ எனக்குப் பிடிக்கவில்லை. மின் துண்டிப்பு என்றதும் கட்டணம் கட்டாத வீடுதான் நினைவுக்கு வரும். இலங்கை நண்பர்களின் ‘சுற்றுடைப்பான்’ பாடநூலில் ஊன்றிய சொல். ஆனால் உடைந்தது மறுபடி சேராது, இதுவோ நெம்பைத் தூக்கிவிட்டால் மீண்டும் இணைகிறது. ‘முறிப்பி’யிலும் அந்தக் குறை உண்டு என்பீர்கள். உண்டு, ஆனாலும் சொல் சிறியது. ‘கசிவுக் காப்பி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்ததும் டம்ளரைத்தான் தேடினேன்.

‘உயிர்க்காப்பான்’ வேண்டவே வேண்டாம். ஒருவர் தரையோடு தொடர்பில்லாமல் ஒரு கையில் பேஸையும் மறு கையில் நியூட்ரலையும் பிடித்தால், போன மின்னோட்டம் முழுதாகத் திரும்பிவிடும், கருவி அசையாது. பெயர் கொடுக்கும் தைரியம் அங்கே ஆளையே கொன்றுவிடும்.

அளவு மீறி மின்னோட்டம் போனால் இணைப்பை அறுக்கும் எம்.சி.பி.யை ‘மிகை முறிப்பி’ என்று இதன் இணையாகவே வைக்க வேண்டும். எம்.சி.பி. இருக்கிறது, ஷாக் அடிக்காது என்று நம்புகிறவர்கள் ஏராளம். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு 40 மில்லி ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. மறுபக்கம், கசிவு முறிப்பி எவ்வளவு சுமை ஏற்றினாலும் கண்டுகொள்ளாது, 2.5 சதுர மி.மீ. கம்பி சூடாகி உருகினாலும் அதற்குக் கவலையில்லை. ஒன்று மிகையைப் பார்க்கிறது, மற்றது கசிவைப் பார்க்கிறது என்பது பெட்டியைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும்.

இன்னொன்று, நியூட்ரல் லிங்க், அதாவது பெட்டிக்குள் நியூட்ரல் கம்பிகளைச் சேர்த்து முடுக்கும் பட்டை. ஒரு பெட்டியில் இரண்டு கசிவு முறிப்பிகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி லிங்க் வேண்டும். முதலாவதிலிருந்து பேஸ் எடுத்து நியூட்ரலை இரண்டாவதின் லிங்க்கில் முடுக்கினால், விளக்கைப் போட்டதும் இரண்டு முறிப்பிகளும் விழும் (இணைப்பை அறுக்கும்). இன்வெர்ட்டர் லைன் தனியாகவும் நியூட்ரல் பொதுவாகவும் இருக்கும் வீடுகளில் இதே தொல்லைதான். பிறகு ‘கருவி சரியில்லை’ என்று அதைத் தாண்டி நேர் இணைப்புக் கொடுத்துவிடுவார்கள். ‘கசிவு 1’, ‘நியூட்ரல் 1’ என்று ஒட்டிவைக்கச் சிறிய சொல்லாக இருந்தால்தான் கை வரும். ‘எஞ்சு மின்னோட்டச் சுற்று முறிப்பி 1’ என்று எந்தச் சீட்டில் எழுதுவது?

‘நியூட்ரல்’ அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி. ‘நொதுமல்’ இலங்கையில் பழகிய சொல். இங்கே அதை எந்த வயர்மேனும் கேட்டதில்லை.

மிகை, கசிவு இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆர்.சி.பி.ஓ.வுக்கு ‘இருமுறிப்பி’ என்றால் இரண்டு முறை முறிப்பது போல் ஒலிக்கிறது. அதற்கு வேறு சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.