தரம் 6இல் சர்வதேசப் பாடசாலைக்கு மாற்றலாமா? பிள்ளைகளை அங்கே படிப்பித்தவர்கள் சொல்லுங்கள்

வெள்ளவத்தை அம்மா:

மகள் இந்த முறை புலமைப்பரிசில் பரீட்சை எழுதிவிட்டாள். அரசுப் பாடசாலையில் தமிழ் மொழி மூலம் படிக்கிறாள். என் கணவருக்குக் கட்டாரில் வேலை. தரம் 6க்குச் சர்வதேசப் பாடசாலையில்தான் சேர்க்க வேண்டும் என்று நிற்கிறார். இங்கிலிஷ் சரியாக வராமல் அங்கே அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், அதனால் மறுத்துப் பேச மனம் வரவில்லை.

போய்ப் பார்த்தேன். வகுப்பில் 24 பிள்ளைகள். இப்போது மகளின் வகுப்பில் 43 பேர். ஆய்வுகூடத்தில் சின்னப் பிள்ளைகளே நுணுக்குக்காட்டியில் வெங்காயத் தோலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து மகளின் வாயிலும் அதே பேச்சுத்தான்.

அனுமதிக் கட்டணம் நாலரை லட்சம், திருப்பித் தர மாட்டார்களாம். தவணைக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். வான் செலவு வேறு. அவளுக்கு டொக்டராக வேண்டும் என்று ஆசை. லண்டன் ஏ.எல்., அதுதான் சர்வதேசப் பாடசாலைகளில் எழுதும் பிரித்தானிய உயர்தரப் பரீட்சை, எழுதினால் கொழும்பு மருத்துவ பீடத்துக்குப் போகலாமா? பாடசாலை அலுவலகத்தில் கேட்டதற்கு "லண்டன் ஏ.எல்., உள்ளூர் ஏ.எல். இரண்டும் சமம்தான்" என்றார்கள்.

தெஹிவளை அப்பா:

தங்கச்சி, அந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். போக முடியாது. எனக்கும் 13 வருடத்துக்கு முன்னால் ஓர் அலுவலகத்தில் இதே "சமம்" என்ற சொல்லைத்தான் சொன்னார்கள். மேலே ஒன்றும் கேட்காமல் பணத்தைக் கட்டினேன். மகள் லண்டன் ஏ.எல்லில் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் மூன்றிலும் 'ஏ' எடுத்தாள். அதற்குப் பிறகுதான் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைந்நூலை உட்கார்ந்து வாசித்தேன். அதை முதலே வாசித்திருக்க வேண்டும்.

அரச பல்கலைக்கழக அனுமதி உள்ளூர் உயர்தரத்தின் இஸட் புள்ளியை வைத்துத்தான் நடக்கிறது. அந்தப் புள்ளி, அதே வருடம் அதே பாடத்தை எழுதிய மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படுவது. மருத்துவம் போன்ற துறைகளில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று பிரிக்கிறார்கள். வேறு வினாத்தாள் எழுதிய பிள்ளையை அந்த வரிசையில் எங்கே நிறுத்துவது? லண்டன் பெறுபேற்றை வைத்துத் தனியார் பட்டப்படிப்புக்குப் போகலாம், வெளிநாட்டுக்கும் போகலாம். மகள் இப்போது தனியார் நிறுவனமொன்றில் உயிர்மருத்துவம் படிக்கிறாள், நன்றாகத்தான் படிக்கிறாள். ஆனால் மருத்துவ பீடத்துக்கு விண்ணப்பிக்கவே முடியாது என்று தெரிந்த அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பணத்தையும் தவணைக் கட்டணத்தோடு மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். லண்டன் பரீட்சைக் கட்டணம் பவுணோடு சேர்ந்து ஏறும். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 வரை போனதே, அந்த வருடம்தான் என் மகளுக்குப் பரீட்சை. சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டினேன்.

இன்னொன்று. 5 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குப் புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்குவதை 1961ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிவு செய்யப்பட்டு நடக்கின்றன. தரம் 10இல் இரசாயனவியல் ஆசிரியை விலகி இரண்டு மாதம் வகுப்பே நடக்காதபோது, வலயக் கல்வி அலுவலகத்துக்குப் போய் முறையிட எனக்கு வழியிருக்கவில்லை.

எந்தப் பாடசாலை என்று பார்க்க முன்னம், மகள் எந்த ஏ.எல். எழுதப்போகிறாள் என்று முடிவெடுங்கள். சில சர்வதேசப் பாடசாலைகளில் உள்ளூர்ப் பாடத்திட்டமும் இருக்கிறது. அதை ஆங்கில மொழி மூலம் எழுதலாம்.

பம்பலப்பிட்டி பழைய மாணவி:

அண்ணா சொல்வது அத்தனையும் சரி. ஆனாலும் நான் அங்கே படித்ததில் எனக்கு வருத்தமில்லை அக்கா. எழும்பிக் கேள்வி கேட்கப் பயப்படாத பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது. லண்டன் ஏ.எல். நடத்தும் பிரித்தானிய நிறுவனங்களில் ஒன்றான எடெக்ஸெல்லின் ஏ.எல்லை அலகு அலகாக எழுதலாம். ஜனவரியில் எனக்குப் பிழைத்துப்போன ஓர் அலகை ஜூனில் திரும்ப எழுதினேன்.

தமிழைப் பற்றி மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். உள்ளூர் சாதாரண தரத்தில் தாய்மொழி, சமயம், வரலாறு எல்லாம் கட்டாயம். லண்டன் ஓ.எல்லில் அப்படி இல்லை. நவராத்திரிக்கு வீட்டில் தேவாரம் பாடச் சொன்னால், ஆங்கில எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவேன். 14 வயதில் அம்மம்மா அதைக் கண்டுவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு என்னை அறநெறிப் பாடசாலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து எழுதப் படித்தேன். உங்கள் மகள் ஐந்து வருடம் தமிழில் படித்துவிட்டாள், அந்த எழுத்து கையைவிட்டுப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

விஞ்ஞான ரீச்சர்:

அரசுப் பாடசாலைகள் சிலவற்றில் தரம் 6இலிருந்து இருமொழிக் கல்வி இருக்கிறது. கணிதம், விஞ்ஞானம் போன்றவற்றை ஆங்கிலத்தில் படித்து, தமிழையும் சமயத்தையும் தமிழிலேயே படிக்கலாம். கட்டணம் இல்லை. எல்லாப் பாடசாலைகளிலும் கிடையாது, ஆசிரியர் தட்டுப்பாடும் உண்டு. புலமைப்பரிசில் பெறுபேறு வந்ததும், தரம் 6க்கான விண்ணப்பப் படிவத்தில் பாடசாலைகளை எழுத முதல், எங்கே இந்த வகுப்பு உண்மையாக நடக்கிறது என்று அந்தந்த அதிபரிடம் நேரே கேளுங்கள்.

வெள்ளவத்தை அம்மா:

மூன்று பேருக்கும் நன்றி. நேற்று இரவு அவருக்கு எல்லாவற்றையும் போனில் வாசித்துக் காட்டினேன். இஸட் புள்ளி வந்த இடத்தில் நிறுத்தச் சொல்லி, திரும்ப வாசிக்கச் சொன்னார். இந்த மாதம் அனுமதிக் கட்டணம் கட்டவில்லை. ரீச்சர், வெள்ளவத்தையிலிருந்து ஒரே பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருமொழி வகுப்பு நடக்கும் பெண்கள் பாடசாலை ஏதும் உங்களுக்குத் தெரியுமா?