மிஸ்ஸிங்குக்கு ஒரு சொல்: பொறிதவறலா, எரிதப்பலா?

(பேசுகிறவர்கள் அவரவர் ஊர்ப் பெயரில்.)

சத்துவாச்சாரி:

பழைய கார் பார்க்கப் போகிறவர் கையில் வைத்துக்கொண்டு டிக் அடிக்கிற சோதனைத் தாளைத் தமிழில் எழுதுகிறோம்; அதில் இஞ்சின் பகுதிக்கு வந்துவிட்டோம். ஆயில், கூலன்ட், பெல்ட் வரை தகராறு இல்லை. 'மிஸ்ஸிங்' என்ற வரியில் வேலை நின்றுவிட்டது. வேலூர்ப் பக்கம் பட்டறைகளில் எதற்கெடுத்தாலும் இந்த ஒரே சொல்தான். ஸ்லோவில் (ஆக்சிலேட்டர் மிதிக்காமல் ஓடும்போது) இஞ்சின் உதறினாலும் மிஸ்ஸிங். மூன்றாவது கியரில் மிதிக்கும்போது வண்டி வெட்டி வெட்டி இழுத்தாலும் மிஸ்ஸிங். பெட்ரோலில் தண்ணீர் கலந்து திணறினாலும் மிஸ்ஸிங். தாளில் இப்படிக் குழப்பி அச்சடிக்க முடியாது. ஏதோ ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய நேரத்தில் எரியாமல் போவதை மட்டும் குறிக்கிற சொல் வேண்டும். 'பொறிதவறல்' என்று போடலாம் என்பது என் கருத்து. சின்னது, வாயில் நுழைகிறது. 'தவறிய எரிதல்' என்றும் ஒருவர் சொன்னார். அதை வைத்து ஒரு வினைச்சொல் செய்து பாருங்கள், முடியாது.

பேரணாம்பட்டு:

சார், சொல் நல்லாதான் இருக்கு. ஆனா அது ஒரே ஆள் மேல பழியைப் போடுது. சிலிண்டர்ல எரியணும்னா மூணும் சேரணும்: நேரத்துக்குப் பொறி, அளவான பெட்ரோல்-காத்து கலவை, போதுமான கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள்ள அமுக்கம்). இதுல எது குறைஞ்சாலும் மிஸ்ஸிங்தான். பொறிதவறல்னு அச்சடிச்சா படிக்கிறவர் நேரா கடைக்குப் போய் பிளக் செட்டு வாங்கி மாட்டுவார். பெட்ரோல் பீச்சுற இன்ஜெக்டர் அடைச்சிருந்தா அந்தக் காசு தண்டம். எல்பிஜி, சிஎன்ஜியில ரொம்ப நாள் ஓடின வண்டிங்களைப் பாருங்க. வால்வு சீட்டு தேஞ்சு வால்வு மேல ஏறிடும், டேப்பட் கேப் (வால்வுக்கு விடற இடைவெளி) சுருங்கிடும், சூடானதும் வால்வு முழுசா மூடாது. அந்த சிலிண்டர்ல பொறி பளிச்சுன்னு அடிக்கும், ஆனா அமுக்கம் நிக்காது, எரியாது. அதைப் போய் பொறிதவறல்னு எப்படிச் சொல்றது? டீசலை விட்டுட்டீங்க. அதுல பொறியே கிடையாது, ஆனா மிஸ்ஸிங் உண்டு.

காட்பாடி:

பாய் சொல்வது சரி. ஐடிஐ வகுப்பில் பாடம் எடுக்கும்போதும் இங்கேதான் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். பெயர் விளைவைச் சொன்னால் போதும், காரணத்தைச் சோதனை சொல்லட்டும். வண்டியின் ஈசியூகூட (இஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர்) அப்படித்தான் பார்க்கிறது. பெரும்பாலான வண்டிகளில் அதற்குப் பிளக்கில் பொறி அடித்ததா என்று நேரடியாகத் தெரியாது. கிராங்க் சென்சார் வழியாக கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) சுற்றும் வேகத்தைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நான்கு சிலிண்டர் வண்டியில் ஒவ்வொரு 180 டிகிரிக்கும் ஒரு சிலிண்டர் எரிந்து கிராங்கை உந்த வேண்டும். மூன்று சிலிண்டர் ஆல்டோவில் 240 டிகிரிக்கு ஒன்று. உந்தல் வராத இடத்தில் கிராங்க் ஒரு கணம் தளரும். எந்த சிலிண்டரின் முறையில் தளர்ந்தது என்று கணக்கு வைத்துத்தான் பி0301, பி0302 என்று கோடு (ஸ்கேனரில் தெரியும் குறை எண்) போடுகிறது. ஒரு சிலிண்டர் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் மாறி மாறி நடந்தால் பி0300. கோடு சொல்வது 'இந்த இடத்தில் எரியவில்லை' என்பது மட்டும்.

ஆகவே 'எரிதப்பல்'. தாளம் தப்புது, அடி தப்புது என்று ஏற்கெனவே சொல்கிறோம். முறைப்படி வர வேண்டியது ஒரு முறை வராமல் போவதுதான் அங்கே பொருள். வினையாகவும் வரும்: 'இரண்டாம் சிலிண்டர் எரிதப்புகிறது'. பட்டறையில் இன்னும் சுருக்கி 'ரெண்டாவது தப்புது' என்பார்கள்.

ஆற்காடு:

மேடம், 'தப்பு' என்றதும் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது குற்றம். எரிதப்பல் என்றால் தப்பாக எரிவது என்று படிப்பார்கள். தப்பாக எரிவது வேறு குறை: நாக்கிங். மேட்டில் டாப் கியரில் மிதித்தால் உள்ளே கல் உருட்டுவதுபோல் டிக்டிக் சத்தம் வருமே, அது. அங்கே எரிகிறது, எரிய வேண்டிய ஒழுங்கில் எரியவில்லை, அவ்வளவுதான். சைலன்சருக்குள் டப்பென்று வெடிப்பது இன்னொன்று. மூன்றும் ஒரே தாளில் வருவதால் கேட்கிறேன். 'எரிவிடுபாடு' பார்க்கலாமா?

காட்பாடி:

எரிவிடுபாடு அலுவலகக் கோப்புக்குச் சரி, கிரீஸ் கைக்கு ஒட்டாது. 'ரெண்டாவது எரிவிடுபாடுறது' என்று யாரும் பேச மாட்டார்கள். குழப்பத்தைத் தடுக்க நாக்கிங்கிற்கு 'இடிப்பு', சைலன்சர் சத்தத்திற்கு 'பின்வெடி' என்று பக்கத்திலேயே போட்டுவிடுவோம். மூன்று சொற்களும் அடுத்தடுத்து இருந்தால் ஒன்றை ஒன்று காப்பாற்றும்.

பேரணாம்பட்டு:

சொல்லை வச்சு வேலை செஞ்சு பார்த்துடலாம். கீழே எழுதறது பட்டறை வரிசை. சொல் எங்கயாவது இடிச்சா சொல்லுங்க.

முதல்ல எப்போ எரிதப்புதுன்னு பிரிக்கணும், பாதி வேலை அதுலயே முடிஞ்சிடும். ஸ்லோவுல மட்டும் தப்பி, ரேஸ் பண்ணினா சரியானா காத்து கசியுதுன்னு சந்தேகப்படணும்: மேனிஃபோல்ட் பேக்கிங், பிசிவி ஹோஸ், பிரேக் பூஸ்டர் ஹோஸ். லோடுல மட்டும் தப்பினா காயில் (பிளக்குக்கு உயர் வோல்ட் தர்றது), பிளக் கேப் (முனை இடைவெளி) அதிகம், இல்ல பெட்ரோல் பிரஷர் குறைவு. காலைல முதல் ஸ்டார்ட்ல ஒரு நிமிஷம் தப்பி, வெள்ளைப் புகை தள்ளி, அப்புறம் நல்லா ஓடினா ஹெட் கேஸ்கெட். ராத்திரி பூரா கூலன்ட் சிலிண்டருக்குள்ள சொட்டியிருக்கும். அந்தப் பிளக்கைக் கழட்டினா மத்ததைவிட சுத்தமா, கழுவி வச்ச மாதிரி இருக்கும்.

எந்த சிலிண்டர்னு தெரிஞ்சதும் மாத்திப் போட்டுப் பார்க்கறதுதான் செலவில்லாத வழி. பி0302 வந்தா ரெண்டாவது காயிலை மூணாவதுல மாட்டு, மூணாவதை ரெண்டாவதுல. கோடை அழிச்சிட்டு ஓட்டிப் பாரு. பி0303ன்னு மாறினா காயில் போச்சு. ரெண்டாவதுலயே நின்னா பிளக்கை மாத்து, அப்புறம் இன்ஜெக்டர். மூணுமே நகராம அங்கயே தப்பினா வயரிங்கை ஒரு கண் பார்த்துட்டு கம்ப்ரெஷன் கேஜை எடு. ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும். ரெண்டைச் சேர்த்து மாத்தினா எதுன்னு தெரியாது.

பழைய மாடல்ல 1, 4 ரெண்டுக்கும் ஒரு காயில், 2, 3க்கு ஒரு காயில்னு ஜோடியா இருக்கும். அதுல 1ம் 4ம் சேர்ந்து எரிதப்பினா பிளக்கைத் தொடவே வேணாம், நேரா காயில் பேக். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் ரெண்டு, உதாரணத்துக்கு 2ம் 3ம், காயிலை மாத்தியும் தப்பினா நடுவுல கேஸ்கெட் எரிஞ்சிருக்கான்னு பாருங்க. ரெண்டுலயும் கம்ப்ரெஷன் சேர்ந்து விழும்.

கம்ப்ரெஷன் பார்க்கும்போது இஞ்சின் வெதுவெதுப்பா இருக்கணும், எல்லாப் பிளக்கும் வெளிய, பம்ப் ஃப்யூஸையும் காயில் கனெக்டரையும் கழட்டி, ஆக்சிலேட்டரை முழுசா அமுக்கி செல்ஃப் அடிக்கணும். பெட்ரோல் வண்டிக்குப் பொதுவா 11லேருந்து 14 பார். நம்பரைவிட சிலிண்டருக்கு சிலிண்டர் வித்தியாசம் முக்கியம். 15 சதவீதத்துக்கு மேல ஒண்ணு தனியா விழுந்திருந்தா அதுல ஒரு ஸ்பூன், அஞ்சு மில்லி ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினா பிஸ்டன் ரிங். ஏறலைன்னா வால்வு, இல்ல கேஸ்கெட்.

'எரிதப்புது' எங்கயும் இடிக்கலை. எனக்குச் சம்மதம்.

குடியாத்தம்:

பாய், வாட்டர் வாஷை விட்டுட்டீங்களே. நம்ம பக்கம் எரிதப்பலோட பாதி கேஸ் அங்கேதான் ஆரம்பம். விக்கிறதுக்கு முன்னாடி இஞ்சின் பளபளன்னு இருக்கணும்னு பம்பு வச்சு அடிக்கிறாங்க. பிளக் குழியில தண்ணி தேங்கும். காயில் ரப்பருக்கு வெளியே பொறி கீழே இறங்க வழி கிடைச்சுடும். வண்டி ஒரு கிலோமீட்டர் போறதுக்குள்ள உதறும். காயிலைத் தூக்கி, ஏர் கன்னால குழியை ஊதி, ரப்பரைத் துடைச்சு காயவச்சாலே போதும். புது காயில் வேணாம். ரப்பர் மேலயோ, பிளக்கோட வெள்ளைப் பீங்கான் மேலயோ பென்சில் கோடு மாதிரி கறுப்புக் கீறல் விழுந்திருந்தா அது நிரந்தரம். ரப்பரையும் பிளக்கையும் சேர்த்து மாத்தணும், ஒண்ணை மட்டும் மாத்தினா பழசு புதுசைக் கெடுக்கும்.

குழியில தண்ணிக்குப் பதில் ஆயில் இருந்தா டேப்பட் கவர் பேக்கிங். காயில் ரப்பர் ஊறி உப்பிடும். பேக்கிங் மாத்தாம காயில் மாத்தினா திரும்பவும் அதே கதை.

இன்னொண்ணு, நம்ம வெயில். சில காயில் காலையில நல்லா வேலை செய்யும், சூடேறினதும் உள்ள சுத்து விட்டுப்போய் தப்ப ஆரம்பிக்கும். ஷோரூம் வாசல்ல அஞ்சு நிமிஷம் ஓட விட்டுப் பார்த்து ஒண்ணும் தெரியாது. மத்தியானம் ஏசி போட்டு, ஏலகிரி மாதிரி ஒரு ஏத்தத்துல பதினாலு வளைவையும் ரெண்டாவது மூணாவது கியர்ல ஏத்திப் பார்த்தா ஒளிஞ்சிருக்கிற எரிதப்பல் வெளியே வந்துடும். மலை வரைக்கும் போக முடியலைன்னா ஒரு மேம்பாலம் போதும்: மூணாவது கியர், 1,500 ஆர்பிஎம், முழுசா மிதி.

சத்துவாச்சாரி:

பொறிதவறலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். டீசல் வாதமே போதுமாக இருந்தது. ஒரு கேள்வி: வண்டி வெட்டி இழுப்பதை என்ன சொல்வது? எல்லா சிலிண்டரும் எரிகிறது, ஆனால் மிதித்த அளவுக்குக் கிளம்பவில்லை. அதை எரிதப்பலில் சேர்த்தால் மிஸ்ஸிங்கில் இருந்த அதே குழப்பம் திரும்பவும் வரும்.

காட்பாடி:

அதற்குத் 'தயக்கம்' இருக்கிறது. புதிதாகச் செய்ய வேண்டாம். த்ராட்டில் பாடியில் கரி, ஏர் ஃப்ளோ சென்சாரில் தூசி, பெட்ரோல் ஃபில்டர் அடைப்பு எல்லாம் தயக்கத்தின் கீழ் போகட்டும். பிரிக்கிற அடையாளம் ஒன்று: எரிதப்பலில் உதறல் ஒரு தாளத்தில் திரும்பத் திரும்ப வரும், தயக்கத்தில் வண்டி மொத்தமாக அமுங்கி எழும். ஸ்லோவில் 800 ஆர்பிஎம் என்றால் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும். ஒன்று முழுதாகச் செத்திருந்தால் சைலன்சர் வாயில் கை வைத்தாலே 'புஃப் புஃப்' என்று விட்டு விட்டு வருவது தெரியும். கையை ஒட்டி வைக்காதீர்கள், சுடும்.

தாளில் கட்டாயம் இருக்க வேண்டிய இன்னொரு வரி: செக் இஞ்சின் லைட் நிலையாக எரிவது வேறு, சிமிட்டுவது வேறு. சிமிட்டினால் எரிதப்பல் கடுமையாக நடக்கிறது, எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் (புகையைச் சுத்திகரிக்கும் பெட்டி) போய் அங்கே எரிகிறது என்று பொருள். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்க வேண்டும், அப்படியே பெங்களூர் வரை விரட்டக் கூடாது. உள்ளே இருக்கிற பீங்கான் உருகினால் அந்தச் செலவு பத்துக் காயில் செலவைத் தாண்டும். இதே காரணத்தால், ஓடுகிற இஞ்சினில் காயிலைத் தூக்கி எந்த சிலிண்டர் என்று பார்க்கிற பழைய பழக்கத்தை விட்டுவிடச் சொல்கிறேன். பல்லாயிரம் வோல்ட் கையில் பாயும், பெட்ரோலும் கன்வெர்ட்டருக்குப் போகும். இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றுங்கள். பெட்ரோல் நிற்கும், கேள்விக்கும் பதில் கிடைக்கும்: கழற்றியும் இஞ்சின் ஓட்டம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர்தான்.

ஆற்காடு:

'தப்பு' பற்றிய என் தயக்கத்தை (இதுவும் தயக்கம்தான்) அடைப்புக்குள் போட்டுவிட்டேன். எரிதப்பலே இருக்கட்டும். கோடு விஷயத்தில் ஒன்று. விற்கிறவர் கோடை அழித்துவிட்டு வண்டியைக் காட்டுவார். ஸ்கேனரில் கோடு ஒன்றும் இல்லை என்பதை நம்பக் கூடாது. 'ரெடினெஸ்' (வண்டி தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்தனவா) பக்கத்தைத் திறந்தால் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் சோதனைகள் 'முடியவில்லை' என்று நின்றிருக்கும். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் அவை முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் கோடு அண்மையில் அழிக்கப்பட்டது, அல்லது பேட்டரி கழற்றப்பட்டது. ஓட்டி முடித்துப் பென்டிங் கோடை (இன்னும் உறுதியாகாத கோடு) பார்க்க வேண்டும். பானெட்டைத் தொட்டுப் பார்ப்பதும் தாளில் வரட்டும். நாம் போவதற்கு முன்பே சூடாக இருந்தால் குளிர் ஸ்டார்ட்டில் எதையோ மறைக்கிறார்கள்.

சத்துவாச்சாரி:

வரைவு இது.

எரிதப்பல் (பெயர்), எரிதப்பு (வினை): ஒரு சிலிண்டரில் எரிய வேண்டிய முறையில் கலவை எரியாமலோ பாதி எரிந்தோ போவது. காரணம் பொறி, கலவை, கம்ப்ரெஷன் மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். ஒரே சிலிண்டர் என்றால் தனி எரிதப்பல் (பி0301 முதல்), இடம் மாறி நடந்தால் சிதறல் எரிதப்பல் (பி0300). இடிப்பு, பின்வெடி, தயக்கம் வேறு; அந்தந்த வரியில் பார்க்க. பட்டறை வழக்கு: மிஸ்ஸிங்.

பிளக் கேப் 0.8 முதல் 1.1 மி.மீ., வண்டியின் கையேட்டில் உள்ளபடி. 14 மி.மீ. வாஷர் பிளக் என்றால் கையால் உட்காரும் வரை சுற்றி, புது வாஷருக்கு ஸ்பேனரில் இன்னும் அரைச் சுற்று. இதைச் சேர்க்கலாம்தானே?

பேரணாம்பட்டு:

சேருங்க சார். ஹெட் சூடு தணிஞ்சப்புறம் கழட்டணும்னும் போடுங்க, அலுமினிய மரை சூட்டுல பிளக்கோடயே உருவிட்டு வரும். டீசலுக்குத் தனி வரி வேணும். காமன் ரயில் வண்டில (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய்) எந்த சிலிண்டர் எரிதப்புதுன்னு பார்க்க ஓடும்போது பைப் நட்டை லூஸ் பண்ணவே கூடாது. ஸ்லோவுலயே நூத்துக்கணக்கான பார் பிரஷர், டீசல் தோலைக் கிழிச்சிக்கிட்டு உள்ள போகும். ரிட்டர்ன் பைப்பைக் கழட்டி நாலு இன்ஜெக்டருக்கும் நாலு பாட்டில் வச்சு, ஒரே நேரம் ஓட விட்டு எதுல அதிகமா நிரம்புதுன்னு பார்த்தா போதும், அதிகம் திருப்பி விடறதுதான் முதல் சந்தேகம்.