சர்வரின் ரூட் பகுதி நிரம்பிவிட்டது, வட்டைப் பெரிதாக்கியும் இடம் கூடவில்லை

மன்னார்குடி அரவை:
வணக்கம். எங்கள் அரிசி ஆலையின் கணக்கு சர்வரில் காலையிலிருந்து பில் போட முடியவில்லை. இடமில்லை என்று பிழை வருகிறது. மெய்நிகர் வட்டை 120 ஜிபியிலிருந்து 200 ஆக்கி மறுதொடக்கமும் செய்துவிட்டேன். பழைய அளவே காட்டுகிறது. சம்பா நெல் லாரிகள் எடைமேடைக்கு முன்னால் வரிசையில் நிற்கின்றன. உடனே வழி சொல்லுங்கள்.

வடவாறு:
எந்த லினக்ஸ், எல்விஎம் (வட்டுகளின் இடத்தை ஒரு குழுவாக்கிப் பங்கிடும் அமைப்பு) உண்டா, கோப்பு முறைமை எது என்று தெரியாமல் என்ன சொல்வது? வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளை காட்டுவதை அப்படியே இடுங்கள்.

குடந்தை:
பதிவுக் கோப்பை அழித்திருப்பீர்கள். அதை ஏதோ ஒரு சேவை இன்னும் திறந்து வைத்திருந்தால் இடம் திரும்பக் கிடைக்காது.

வடவாறு:
மறுதொடக்கம் செய்ததாக அவரே எழுதியிருக்கிறாரே, ஐயா. அப்போதே திறந்திருந்த கோப்பெல்லாம் மூடியிருக்குமே.

கல்லணை:
நிறுவும்போது "அடுத்து, அடுத்து" என்று அழுத்திவிட்டு அறுவடை நாளில் வந்து நிற்பது இங்கே வழக்கமாகிவிட்டது. வரப்பு போடாமல் நடவு செய்பவரை என்னவென்று சொல்வது?

மன்னார்குடி அரவை:
சென்ட்ஓஎஸ் 7 லினக்ஸ், எல்விஎம் உண்டு, கோப்பு முறைமை எக்ஸ்எஃப்எஸ். ரூட் 50 ஜிபி, நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் 8, பயனர் கோப்புகளுக்கான ஹோம் 61. ஹோமில் ஒன்றுமே இல்லை. அதைச் சுருக்கி ரூட்டுக்குக் கொடுக்கலாமா?

வடவாறு:
முடியாது. எக்ஸ்எஃப்எஸ் ஓடும்போதே வளரும், ஆனால் சுருங்காது. 50 ஜிபிக்கு மேல் மிஞ்சியதையெல்லாம் ஹோமுக்குக் கொடுப்பது அந்த நிறுவியின் இயல்பு. தவறு உங்களுடையது மட்டுமல்ல. வட்டு வளர்ந்தாலும் அதனுள் இருக்கும் பகிர்வு (பார்ட்டிஷன்) தானாக வளராது என்பதால்தான் பழைய அளவு தெரிகிறது. க்ரோபார்ட் கொண்டு பகிர்வை நீட்டலாம், ஆனால் ரூட் முழுதும் நிரம்பியிருக்கையில் தற்காலிகக் கோப்புறைகூட உருவாக்க முடியாமல் அது நின்றுவிடும். அந்த நிரல் உங்களிடம் இல்லையென்றால், 2024 ஜூன் 30 உடன் ஆதரவு முடிந்த வெளியீட்டுக்கு அதைத் தேடி நிறுவுவது தனி வேலை. ஆகவே முதலில் காப்புப் பிரதி எடுத்து, மென்பொருள் நிறுவும் யம் நிரலின் தற்காலிகச் சேமிப்பைத் துடைத்துக் கொஞ்சம் இடம் விடுவியுங்கள். பிறகு 60 ஜிபியில் புதிய மெய்நிகர் வட்டு ஒன்றைச் சேர்த்து, பகிர்வே போடாமல் முழு வட்டையும் பிவிகிரியேட் கட்டளையால் எல்விஎம்முக்குத் தயாராக்கி, விஜிஎக்ஸ்டெண்ட் மூலம் எல்விஎம் குழுவில் இணைத்துவிடுங்கள். இனி அந்த வட்டை எப்போது பெரிதாக்கினாலும், புதிய அளவை எல்விஎம்முக்குச் சொல்லும் பிவிரீசைஸ் ஒன்றே போதும். எல்விஎக்ஸ்டெண்டை மைனஸ் ஆர் (கோப்பு முறைமையையும் கூடவே வளர்க்கும் தெரிவு) சேர்த்து இயக்கி ரூட்டுக்கு 20 மட்டும் கொடுத்து, மீதியைக் குழுவிலேயே விட்டுவையுங்கள்; கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

குடந்தை:
இவ்வளவு கணக்கு எதற்கு? தின் பூல் (இருப்பதைவிட அதிக இடத்தை ஒதுக்கிக் காட்டி, எழுதும்போது மட்டும் தரும் பொதுத் தொகுப்பு) வைத்தால் எல்லோருக்கும் தாராளமாகக் கொடுக்கலாம்.

கல்லணை:
மேட்டூர் நிரம்பினாலும் 93.47 டிஎம்சிதான். அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் கடைமடை காயும். பூல் நிரம்பினால் எழுத வேண்டியவை இயல்பாக 60 விநாடி காத்திருந்து, பிறகு பிழையாகிவிடும்.

குடந்தை:
அளவைக் கண்காணித்துத் தானாக நீட்டும் வசதி அதில் இருக்கிறதே!

கல்லணை:
நீட்டுவதற்குக் குழுவில் இடம் இருந்தால்தானே?

மன்னார்குடி அரவை:
புதிய வட்டு சேர்த்தேன். ரூட் 70 ஆயிற்று, பில் ஓடுகிறது. நன்றி.

வடவாறு:
மகிழ்ச்சி. ரூட்டை நிரப்பியது எது என்று பார்த்தீர்களா? தரவுத்தளமாக இருந்தால் அதைத் தனி எல்வியில் (எல்விஎம் பிரித்துத் தரும் பகுதி) வையுங்கள். இல்லையேல் இந்த 20 ஜிபியும் அதே வழியில் போய்விடும். முதல் வட்டில் கூட்டிய 80 ஜிபி இன்னும் சும்மாதான் கிடக்கிறது.