சிஸ்டமேட்டிக் ரிவ்யூ: 'முறையான மீளாய்வு' பொருந்துமா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். ஒரு வினாவைப் பற்றி வெளிவந்த ஆய்வுகளை முன்வகுத்த முறைப்படி திரட்டி மதிப்பிடும் சிஸ்டமேட்டிக் ரிவ்யூ என்பதற்கு இம்மடலிழையில் முன்மொழியப்பட்ட 'முறையான மீளாய்வு' எனக்கு ஒப்புதலாக இல்லை. 'முறையான' என்றதும் 'தகுந்த' என்னும் பொருளே முதலில் தோன்றும். அப்படியானால் மற்றவை முறைகெட்டவையா என்று படிப்பவர் கேட்பார். 'முறைசார்' என மாற்றினாலும் சிக்கல் தீராது. அமைப்புசாராத் தொழிலாளரைக் குறிக்கும் 'முறைசாராத் தொழிலாளர்' என்ற வழக்கு ஊன்றிவிட்டதால் அப்பொருளே மனத்தில் எழும். 'மீளாய்வு' என்பதோ, ஒருமுறை முடிவுசெய்ததை மீண்டும் பார்ப்பதையே உணர்த்துகிறது. இங்கே நடப்பது அதுவன்று.

நடப்பது என்ன என்பதற்கு, மருத்துவ ஆய்வுகளை இவ்வாறு திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் சின்னமே சான்று. குறைமாதப் பேறு நேரக்கூடிய தாய்மாருக்குக் கார்ட்டிகோஸ்டிராய்டு என்னும் மருந்தைக் கொடுத்தால் குழந்தை பிழைக்குமா என்று சோதித்த ஏழு ஆய்வுகள் அதில் கிடைக்கோடுகளாகவும், அவற்றின் கூட்டு முடிவு சாய்சதுரமாகவும் வரையப்பட்டுள்ளன. அவற்றுள் முதலாவது 1972இல் வெளிவந்தது. அனைத்தையும் திரட்டி எடைபோட்ட ஆய்வோ 1989 வரை வரவில்லை. தனித்தனியே ஐயத்துக்கு இடமளித்த முடிவுகள் சேர்த்துப் பார்த்தபோது தெளிவாயின. அதற்குள் குழந்தைகள் பலர் வீணே இறந்திருக்கக்கூடும். ஆகவே வினாவை முன்கூட்டியே வரையறுத்து, எங்கே எச்சொற்களால் தேடுவது, எவற்றைச் சேர்ப்பது, எவற்றை விலக்குவது என்ற நெறியை எழுதிவைத்து, அதன்படியே ஆய்வுகளைத் திரட்டி, ஒவ்வொன்றிலும் ஒருசார்பு புகுந்திருக்குமா என்று மதிப்பிடுவதே இதன் உயிர்நாடி.

எனவே 'நெறிவழித் திரட்டாய்வு' என முன்மொழிகிறேன். பழம்பாடல் தொகுப்பான 'புறத்திரட்டு' அறிந்த நமக்குத் திரட்டு புதிதன்று. பல வலைப்பதிவுகளின் இடுகைகளை ஓரிடத்தில் காட்டிய அக்காலத்துத் 'திரட்டி' வெறும் சேகரிப்பைத்தானே நினைவூட்டும் என்று சிலர் மறுக்கலாம். ஈற்றில் நிற்கும் 'ஆய்வு' அக்குறையைப் போக்கும். இனச்சொற்களும் எளிதில் அமையும்: ஆசிரியர் தம் தேர்வின்படி நூல்களை எடுத்துப் பேசுவது 'விவரிப்புத் திரட்டாய்வு', ஒரு துறையில் எவ்வளவு ஆய்வு நடந்துள்ளது என அளந்துகாட்டும் ஸ்கோப்பிங் ரிவ்யூ 'பரப்புகாண் திரட்டாய்வு'.

1976இல் புள்ளியியலாளர் ஜீன் கிளாஸ் பெயரிட்ட மெட்டா அனாலிசிஸை மட்டும் இவ்வரிசையில் சேர்க்கக் கூடாது. அது முடிவுகளை எண்வழி இணைக்கும் புள்ளியியல் உத்தி. நெறிவழித் திரட்டாய்வு எல்லாவற்றிலும் அது இடம்பெறுவதில்லை. திரட்டு, கூட்டுத்தொகை என்னும் இரு பொருளும் தரும் 'தொகை'யைக் கொண்டு அதனைத் 'தொகைப் பகுப்பாய்வு' எனலாம். 'மீப்பகுப்பாய்வு' என்போரும் உளர். ஆனால் 'மீத்தரவு' (மெட்டாடேட்டா) தரவைப் பற்றிய தரவு, இதுவோ பகுப்பாய்வைப் பற்றிய பகுப்பாய்வன்று.

'நெறி' என்பதில் அறநெறியின் சாயல் மிகுதி என்பது எனக்கே உள்ள தயக்கம். முன்கூட்டியே எழுதிவைக்கும் அத்திட்டத்தைக் குறிக்கும் புரோட்டோகால் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான குறுஞ்சொல் ஒன்று கிடைத்தால் முன்னொட்டை மாற்ற இசைவேன். 'திரட்டாய்வை' விட்டுக்கொடுக்க மனமில்லை.