9ஆவதுக்கு மேல யூனிஃபார்ம் கட்டாயம் வேணுமா? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரங்க அனுபவத்தைச் சொல்லுங்க

பாலக்கோட்டான்

பையன் இந்த வருஷம் 9ஆவது, கவர்மெண்ட் ஸ்கூல். எட்டாவது வரைக்கும் சத்துணவுல பேரு இருந்ததால வருஷத்துக்கு 4 செட் இலவசமா வந்துச்சு. துணியைப் பத்தி நாங்க யோசிச்சதே இல்ல. ஒன்பதாவது ஏறினதும் அது நின்னுபோச்சு, கலரும் வேற. துணி எடுத்துத் தைக்கக் குடுத்தா டெய்லர் 'பத்து நாள் ஆகும்ணா'ன்னுட்டார். அதுவரைக்கும் பழைய சட்டை, கறுப்பு பேண்ட்டுன்னு போட்டு அனுப்பினேன். பிரேயர் முடியற வரைக்கும் கேட்டுக்கு வெளியவே நிக்க வச்சுட்டாங்க. அவனோட இன்னும் நாலஞ்சு பேரு. எல்லாம் கூலி வேலைக்குப் போறவங்க வீட்டுப் பசங்க. காசு இருக்கறவங்க வீட்டுல மே மாசமே தச்சு வச்சுட்டாங்க.

யூனிஃபார்மே வேணாம்னு நான் சொல்லல. ஆனா கட்டாயம்னா அந்தக் கட்டாயம் யாரு தலையில விழுதுன்னு பாக்கணும்ல? கருத்து அப்புறம் சொல்லிக்கலாம், நடந்ததை மொதல்ல எழுதுங்க.

தையக்கடை, காரிமங்கலம்

அந்தப் பத்து நாள் டெய்லர் நான் இல்லைங்ணா. ஆனா என்கிட்ட வந்திருந்தாலும் அதேதான் சொல்லியிருப்பேன். ஜூன் வந்துட்டா கடையில கால் வைக்க இடம் இருக்காது.

எங்க வீட்டுல அவங்க மகளிர் தையல் கூட்டுறவு சங்கத்துல மெம்பர். எட்டாவது வரைக்கும் குடுக்கற இலவசத் துணி அப்படிப்பட்ட சங்கங்கள்லதான் தைக்கறாங்க. எம்ஜிஆர் காலத்துல, 1985ல வந்த திட்டம் அது. 2012-13லருந்து 4 செட் ஆச்சு. எங்க தெருவுல எத்தனையோ பொம்பளைங்களுக்கு அதுதான் வருமானம். அதனால யூனிஃபார்ம் வேணாம்னு சொன்னா எங்க வீட்டுல சோறு கிடைக்காது.

9ஆவது பசங்க துணிதான் என்கிட்ட வரும். வர்ற அம்மாக்கள் எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொல்லுவாங்க: "அண்ணா, உள்மடிப்பு நல்லா தாராளமா விடுங்க." நாலு விரக்கடை மடிச்சு உள்ள தச்சுடுவேன். அடுத்த ஜூன்ல அதே பேண்ட் திரும்பி வரும், மடிப்பைப் பிரிச்சு விடணும். பிரிச்சா என்ன ஆகும்னா, மேல எல்லாம் வெயில்லயும் சோப்புலயும் வெளுத்திருக்கும், மடிப்புக்குள்ள இருந்த பட்டை மட்டும் புதுசு மாதிரி அடர்த்தியா இருக்கும். பழைய தையல் ஓடின இடத்துல ஒரு கோடு, எத்தனை தேச்சாலும் போகாது. வகுப்புல யாரு பேண்ட் பிரிச்சு விட்டதுன்னு கணுக்காலைப் பாத்தாலே தெரிஞ்சுடும். யூனிஃபார்ம் போட்டா பணக்காரன் ஏழை தெரியாதும்பாங்க. டெய்லர்கிட்ட வந்து சொல்லட்டும் பாப்போம்.

இன்னொரு கூட்டம் இருக்கு, +1 பசங்க. அம்மா லூசா தைக்கச் சொல்லிட்டுப் போவாங்க, சாயங்காலம் மகன் தனியா வருவான். "அண்ணா, கீழ பென்சில் மாதிரி பிடிச்சுடுங்க." பிடிச்சா பி.டி. சார் திருப்பி அனுப்புவார், அம்மா வந்து என்னைத் திட்டுவாங்க. இப்ப நான் துணியை வெட்டறதே இல்ல, உள்ள மடிச்சுத்தான் பிடிக்கறேன். ஒரு வாரத்துல பிரிக்க வரும்னு தெரியும்.

அரூர் டீச்சர்

தையக்கடை அண்ணா சொன்ன கோட்டை நானும் பாத்திருக்கேன். இருந்தாலும் நான் யூனிஃபார்ம் பக்கம்தான்.

எங்க ஸ்கூல்ல ஒரு ஆண்டு விழாவுக்கு 'எல்லாரும் கலர் டிரஸ்ல வரலாம்'னு அறிவிச்சாங்க. பிள்ளைங்க கைதட்டின சத்தம் அடங்கவே நேரமாச்சு. விழா அன்னிக்கு என் 10ஆவது செக்‌ஷன்ல பெஞ்சு பெஞ்சா காலி. மறுநாள் கேட்டா ஒருத்திக்குத் தலைவலி, ஒருத்திக்குப் பாட்டி ஊருக்குப் போற வேலை. ஒரு பொண்ணு மட்டும் நேராச் சொல்லிட்டா: "மிஸ், என்கிட்ட நல்லதா ஒண்ணுதான் இருக்கு, அதை எல்லாரும் மாரியம்மன் பண்டிகைலயே பாத்துட்டாங்க."

அவ அம்மா அப்பா ரெண்டு பேரும் பெங்களூருல கட்டட வேலை, இவ பாட்டிகிட்ட. பாட்டி வீட்டுல புளி தட்டற சீசன்ல இவளும் உக்காந்து கொட்டை எடுப்பா. தட்டின கூலிலதான் யூனிஃபார்ம் துணி எடுத்தது. வருஷம் பூரா கலர் டிரஸ்ஸுன்னா இந்தப் பொண்ணு என்ன பண்ணும்? நகரத்துல உக்காந்து சுதந்திரம், தனித்தன்மைன்னு பேசறவங்க நம்ம ஊரு 10ஆவது வகுப்புல வந்து ஒரு வாரம் உக்காரணும். அடுத்த வருஷ விழாவுக்கு யூனிஃபார்ம்தான்னு ஹெச்.எம். சொல்லிட்டார். சில பசங்க முனகினாங்க. முனகட்டும்.

பாலக்கோட்டார் பையனை வெளிய நிக்க வச்சது தப்பு. அதுல எனக்கு ரெண்டு கருத்து இல்ல.

கண்டக்டர் 77

நான் அரசு பஸ் கண்டக்டர், பென்னாகரம் பக்கம் ரூட்டு. ஸ்கூல் தொறந்து பஸ் பாஸ் கைக்கு வர நாளாகும். அதுவரைக்கும் யூனிஃபார்ம்ல இருந்தாலோ பழைய பாஸ் இருந்தாலோ ஏத்திக்கணும்னு வருஷா வருஷம் உத்தரவு வரும். அப்ப அந்தச் சட்டை பேண்ட்டுதான் டிக்கெட்.

பொம்பளைப் புள்ளைங்களுக்கு இப்பப் பிரச்சினை இல்ல, 2021லருந்து சாதாரண பஸ்ல பெண்களுக்கு இலவசம்தானே. பையன் யூனிஃபார்மும் இல்லாம பாஸும் இல்லாம ஏறினா நான் என்ன பண்ண? செக்கிங் ஏறினா மாட்டறது நான். ஒரு பையன் பொறந்த நாளுன்னு புதுச் சட்டையில ஏறினான், சாக்லேட் டப்பா கையில. டிக்கெட் கிழிக்க மனசு வரல, கிழிக்காமயும் இருக்க முடியல. காசை நான் போட்டேன். ரெண்டு சாக்லேட் எடுத்துக்கச் சொன்னான்.

அஞ்செட்டிக்காரி (இப்ப ஓசூர்)

என் கதை வேற. 10ஆவது படிக்கறப்ப ஸ்கூல் விட்டு வீட்டுக்கு வந்தேன், திண்ணையில அஞ்சாறு பேரு. பொண்ணு பாக்க வந்திருக்காங்க. எனக்கு விஷயமே தெரியாது. மாமன் மொறைதான், தூரத்து உறவு. அம்மா ஓடியாந்து "உள்ள போய் சேலை கட்டு"ன்னாங்க. நான் புத்தகப் பையோட அப்படியே நின்னுட்டேன். யூனிஃபார்ம், ரெட்டைச் சடை, ரிப்பன். வந்திருந்ததுல ஒரு பெரியவர் என்னை ஏற இறங்கப் பாத்துட்டு, "என்னப்பா, இஸ்கோலு புள்ளையக் காட்டறீங்க"ன்னு எங்கப்பாவப் பாத்துக் கேட்டார். அன்னிக்குப் பேச்சு அதோட நின்னுச்சு.

சேலையில பாத்திருந்தா அவருக்கு நான் பொண்ணாத் தெரிஞ்சிருப்பேன். நம்ம மலைப்பக்கம் கல்யாணம் எந்த வயசுல பண்ணி வைக்கறாங்கன்னு உங்களுக்கே தெரியும். அதனால 9, 10, +1, +2 பொண்ணுங்களுக்குத்தான் யூனிஃபார்ம் ரொம்ப முக்கியம்னு நான் சொல்லுவேன். அது போட்டிருக்கற வரைக்கும் ஊரு பார்வையில நீங்க கொழந்தை.

மொரப்பூர் ஜங்ஷன்

அஞ்செட்டி அக்கா, படிச்சதும் ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஆனா ஒரு சந்தேகம். அந்தப் பெரியவர் நல்ல மனுஷன், அதனால நின்னுச்சு. யூனிஃபார்மோடவே நிச்சயம் பண்ணின வீடு எங்க ஊருல இருக்கு.

அஞ்செட்டிக்காரி (இப்ப ஓசூர்)

வாஸ்தவம் தம்பி. மறுபடியும் மூணு மாசத்துல பேச்சு எடுத்தாங்க. அப்ப கணக்கு டீச்சர் வீட்டுக்கே வந்து, குழந்தைகள் உதவி எண் 1098க்கு போன் போடுவேன்னு சொன்னதுலதான் முழுசா நின்னுச்சு. ஆனா டீச்சர் வர்ற வரைக்கும் தாங்கினது அந்தத் துணிதான்.

பர்கூர் பேரண்ட்

எல்லாரும் கவர்மெண்ட் ஸ்கூலையே பேசறீங்க. என் மகளைப் பிரைவேட்ல போட்டேன். தினமும் போட ரெண்டு செட், புதன்கிழமைக்கு வெள்ளை, ஹவுஸ் டி-ஷர்ட், டை, பெல்ட்டு, ஷூ ரெண்டு ஜோடி. எல்லாம் ஸ்கூல்லயே வாங்கணும். வெளிய அதே துணி பாதி விலைக்குக் கிடைக்குது, ஆனா லோகோ ஸ்கூல்ல மட்டும்தான். போதாக்குறைக்கு கோட்டு! பர்கூர் வெயில்ல கோட்டு எதுக்குன்னு கேட்டேன், ஆபீஸ்ல பதில் இல்ல. தளியில, ஓசூருல பனிக்காவது ஆகும்.

பழையபேட்டை

கிருஷ்ணகிரி டவுன், வீட்டுல உருது பேசற குடும்பம். ஸ்கூல்ல வெள்ளைத் துப்பட்டாவையே தலையில போட்டுக்கிட்டு +2 முடிச்சேன். ஒரு டீச்சரும் எதுவும் கேட்டதில்ல. 2022ல கர்நாடகாவுல ஹிஜாப் பிரச்சினை வந்தப்ப என் சித்தி மக அங்க காலேஜ் சேந்திருந்தா. மார்ச்சுல ஹைகோர்ட் தடை செல்லும்னு சொல்லிச்சு, அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட்டுல ரெண்டு நீதிபதியும் ரெண்டு விதமா தீர்ப்பு. அதுக்குள்ள இவ படிப்பை நிறுத்திட்டா. எல்லை தாண்டினா ஒரு மணி நேரப் பயணம், அவ்வளவுதான். நான் யூனிஃபார்முக்கு எதிரி இல்ல, ஆசையாப் போட்டவ. ஒரு முழம் துணிக்காக ஒருத்தி படிப்பை விடற அளவுக்குக் கட்டாயம் போகக் கூடாது.

மொரப்பூர் ஜங்ஷன்

இதையும் சேத்துக்கங்க. எங்க ஸ்கூல்ல எல்லாரும் ஒரே சட்டை. ஆனா கையில கயிறு! எந்தக் கலர் கயிறுன்னா எந்தத் தெருன்னு ஆறாவது பையனுக்கே தெரியும். சட்டையை ஒண்ணாக்கினதும் சாதி மணிக்கட்டுக்கு எறங்கிடுச்சு. நாங்குநேரியில சாதி வெறியில ஒரு மாணவனைக் கூடப் படிக்கறவங்களே வெட்டின சம்பவத்துக்கு அப்புறம் போட்ட நீதிபதி சந்துரு குழு 2024ல அந்தக் கயிறு, மோதிரம், நெத்திப் பொட்டு எல்லாத்தையும் தடை பண்ணணும்னு பரிந்துரை குடுத்துச்சு. 2012ல நம்ம மாவட்டத்துல சாதிக் கலவரத்துல நத்தம் காலனி எரிஞ்சதைப் பாத்தவங்களுக்கு இது ஏன்னு விளக்க வேண்டியதில்ல. கட்டாயம்னு ஒண்ணு இருந்தா மொதல்ல இதுல இருக்கட்டும். பேண்ட் கலர்ல இல்ல.

பிளஸ்டூ பையன்

நான் ஒருத்தன்தான் இங்க இப்பப் படிக்கறவன் போல. யூனிஃபார்ம் இருக்கட்டும், காலைல என்ன போடறதுன்னு யோசிக்க வேணாம். பேண்ட்டை மட்டும் நாங்க பிடிச்சுக்கறோம், விட்டுடுங்க.

தையக்கடை, காரிமங்கலம்

தம்பி, நீ எந்த ஸ்கூலு?

பாலக்கோட்டான்

எல்லாத்தையும் படிச்சேன். டீச்சரம்மா சொன்ன பொண்ணையும் அஞ்செட்டித் தங்கச்சியையும் நினைச்சா கட்டாயம் இருக்கறதே நல்லதுன்னு படுது. ஆனா எட்டாவதோட இலவசத்தை நிறுத்திட்டு ஒன்பதாவதுல கட்டாயம்னு கேட்டுல நிக்க வைக்கறது எந்த ஊரு நியாயம்? பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில தங்கற பசங்களுக்கு 10ஆவது வரைக்கும் 4 செட் குடுக்கறாங்கன்னு பக்கத்து வீட்டுல சொன்னாங்க. வீட்டுலருந்து போறவனுக்கும் அதே மாதிரி 10ஆவது வரைக்கும் நீட்டினா என்ன?

அது அரசாங்கம் பாக்க வேண்டியது. இப்போதைக்குப் பள்ளி மேலாண்மைக் குழு கூட்டத்துல ரெண்டு தீர்மானம் வைக்கலாம்னு இருக்கேன். புது யூனிஃபார்முக்கு ஜூலை கடைசி வரைக்கும் டைம், அதுவரைக்கும் யாரையும் வெளிய நிக்க வைக்கக் கூடாது. 10, +2 முடிச்சுப் போற பசங்க நல்லா இருக்கற பழசைக் குடுத்துட்டுப் போனா ஸ்கூல்லயே ஒரு பீரோல வைக்கணும். ஹெச்.எம். கிட்ட வாய் வார்த்தையாச் சொன்னேன், முதல்ல சொன்னதுக்குத் தலையாட்டினார், பீரோவுக்கு இடம் இல்லைங்கறார். வேற ஸ்கூல்ல இப்படி யாராவது செஞ்சிருந்தா எப்படிச் செஞ்சீங்கன்னு எழுதுங்க, கூட்டத்துல காட்ட வசதியா இருக்கும்.

அரூர் டீச்சர்

பீரோ வேணாம் சார். எங்க ஸ்கூல்ல லேப்ல ஒரு பழைய மரப்பெட்டி வச்சிருக்கோம். துவைச்சு மடிச்சு, உள்ள சைஸ் எழுதிப் போட்டுடுவாங்க. குடுக்கறப்ப மட்டும் வகுப்புல பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க. பெத்தவங்களைச் சனிக்கிழமை வரச் சொல்லிக் குடுங்க.